முட்டி வலியும் குதிகால் வலியும் சேர்ந்து இருந்தால் ஜிம்முக்கு எந்த ஷூ?

கோவை_கோச்

ஜிம்முக்கு வரும் ஒரு அக்காவுக்காகக் கேட்கிறேன். வயது 48, எடை 74 கிலோ. படி இறங்கும்போது இரண்டு முட்டியிலும் சில்லுக்குப் பின்னால் வலி. காலையில் கட்டிலை விட்டு இறங்கியதும் முதல் சில அடிகளுக்கு வலது குதிகால் குத்துகிறது, நடக்க நடக்கக் குறைகிறது, சாயங்காலம் திரும்ப வருகிறது. சுகர் இல்லை. எக்ஸ்ரே பார்த்த டாக்டர் முட்டித் தேய்மானம் ஆரம்ப நிலை, பயிற்சிக்குத் தடையில்லை என்று சொல்லியிருக்கிறார்.

செய்வது: ட்ரெட்மில் 30 நிமிடம் நடை, லெக் பிரஸ் (காலால் எடைத்தட்டைத் தள்ளுவது), கோப்லெட் ஸ்குவாட் (எடையை மார்போடு பிடித்து உட்கார்ந்து எழுவது), வாரம் இரண்டு நாள் ஜும்பா. இப்போது போடுவது மெமரி ஃபோம் போட்ட மெத்தென்ற ஷூ. பட்ஜெட் 8000 ரூபாய். ஒரே ஷூவில் எல்லாம் முடியுமா? கடையில் 'முட்டி வலிக்கென்றே வந்தது' என்று ஒன்றைத் தலையில் கட்டப் பார்க்கிறார்கள்.

---

பிசியோ_வைகை

முட்டி வலிக்கென்று ஒரு ஷூ இல்லை கோச். பெட்டியில் அப்படி எழுதியிருந்தால் விற்க எழுதியது.

இவங்க விஷயத்தில் முடிச்சு எங்கே இருக்கு என்றால், இரண்டு வலியும் ஷூவிடம் எதிரெதிராகக் கேட்கின்றன. குதிகாலுக்கு அடியில் இருக்கும் சோல் உயரத்துக்கும் முன்பாதத்துக்கு அடியில் இருக்கும் உயரத்துக்கும் உள்ள வித்தியாசம்தான் ட்ராப். அது 10, 12 மி.மீ. இருந்தால் கெண்டைக்காலும், அதைக் குதிகால் எலும்போடு சேர்க்கும் குதிநாணும், குதிகாலிலிருந்து விரல்கள் வரை ஓடும் உள்ளங்கால் நார்ப்பட்டையும் (இவங்க குதிகாலில் நோவது பெரும்பாலும் இதுதான்) கொஞ்சம் ஓய்வெடுக்கும், சுமையில் ஒரு பங்கு முட்டிச்சில்லுப் பக்கம் நகரும். 0 முதல் 4 மி.மீ. என்றால் தலைகீழ்: முட்டிக்கு லேசு, கெண்டைக்காலுக்கும் குதிகாலுக்கும் இழுவை. முட்டிக்கு நல்லது என்று கேள்விப்பட்டு ஜீரோ ட்ராப் வாங்கியவர்கள் கொஞ்ச நாளில் குதிகாலைப் பிடித்துக்கொண்டு வருவது இதனால்தான்.

ஆனால் முட்டிப் பக்கத்து வித்தியாசம் பெரிதாகத் தெரிவது ஓட்டத்தில். நடையில் அது சிறியது. இவர் ஓடவில்லை. அதனால் ட்ராப் விஷயத்தில் குதிகால் சொல்வதைக் கேளுங்கள்: 8 முதல் 10 மி.மீ. முட்டிக்கு வேண்டியதை ட்ராப்பில் தேடாமல் சோலின் நிலைத்தன்மையில் தேடலாம்.

முட்டித் தேய்மானத்துக்கு நேரடியான ஒரு சோதனை இருக்கு. மெல்பர்ன் பல்கலைக்கழகம் 164 பேரை வைத்துச் செய்து 2021-இல் வெளியிட்டது. ஒரு குழுவுக்குத் தட்டையான, வளையும் ஷூ. இன்னொரு குழுவுக்குக் குதிகால் உயரமான, நடுவில் வளையாத, பிடிமானமுள்ள ஷூ. ஆறு மாதம் கழித்து நடக்கும்போதான வலி கணிசமாகக் குறைந்தவர்கள் இரண்டாவது குழுவில் 58 சதவீதம், முதல் குழுவில் 40 சதவீதம். புதிதாக வேறு இடத்தில் வலி வந்தது என்ற புகாரும் தட்டை ஷூக்காரர்களிடம்தான் அதிகம். இத்தனைக்கும் அதற்கு முன் ஆய்வுக்கூட அளவீடுகள் தட்டை ஷூதான் முட்டிச் சுமையைக் குறைக்கும் என்று காட்டியிருந்தன. அளவீட்டில் சுமை குறைந்தது, ஆளின் வலியில் அந்தப் பலன் தெரியவில்லை.

---

வெறுங்கால்_வீரன்

இதெல்லாம் கம்பெனிக்காரன் கட்டிய கதை. நம் பாட்டன் ஷூ போட்டா நடந்தான்? ஷூவைக் கழற்றிவிட்டு மண்ணில் நடக்கச் சொல்லுங்க, பாதம் தானே பலப்படும்.

---

பிசியோ_வைகை

பாட்டன் நடந்தது மண்ணில், சின்ன வயதிலிருந்து. இவர் நடப்பது டைல்ஸில். பாதத் தசை பலப்படுவது உண்மைதான், அதை நான் மறுக்கவில்லை. ஆனால் ஏற்கெனவே நோகும் நார்ப்பட்டையோடு, 74 கிலோவோடு, மெத்தையில்லாமல் திடீரென ஆரம்பித்தால் நடப்பது பலப்படுதல் இல்லை, கூடுதல் கிழிசல். வலி அடங்கியபின் ஐந்து நிமிடம், பத்து நிமிடம் என்று மண்தரையில் ஏற்றிக்கொண்டு போகலாம். இப்போது வேண்டாம்.

---

ஆம்பூர்_தையல்

ஷூ செய்யும் பக்கத்திலிருந்து சொல்கிறேன். முதலில் அந்த மெமரி ஃபோம் ஷூவை ஓரங்கட்டுங்கள். மெமரி ஃபோம் கடையில் நிற்கும் இரண்டு நிமிடத்துக்குச் சுகம். அழுத்தினால் அமுங்கும், ஆனால் திருப்பித் தள்ளாது. ஐந்து நிமிடம் நடந்ததும் உடல் சூட்டில் இன்னும் இளகித் தரைமட்டம் ஆகிவிடும். குதிகால் எலும்புக்கும் சோலுக்கும் நடுவில் மிஞ்சுவது ஒன்றுமில்லை. மேலே 5 மி.மீ. மெமரி ஃபோம் போட்டு, அடியில் மலிவான மிட்சோலை மறைப்பது பழைய வித்தை.

மெத்தை வேலை செய்ய வேண்டியது மிட்சோல். அதாவது தரையில் படும் ரப்பருக்கும் கால் பக்கத்துக்கும் நடுவே இருக்கும் நுரைப்பகுதி. பெரும்பாலும் ஈவிஏ. கடையில் கையால் பார்க்க வேண்டியவை:

குதிகாலின் பின்சுவரைக் கட்டை விரலாலும் ஆள்காட்டி விரலாலும் இருபக்கமும் அழுத்துங்கள். உள்ளே கெட்டியான ஒரு கிண்ணம் இருப்பது தெரியணும். அட்டை மாதிரி மடங்கினால் வைத்துவிடுங்கள்.

ஒரு கையில் குதிகால், இன்னொரு கையில் நுனி. உள்பக்கமாகத் தள்ளுங்கள். விரல்கள் மடங்கும் கோட்டில்தான் வளையணும். நடுவில், வளைவுக்கு அடியில் மடங்கினால் குதிகால் வலிக்காரருக்கு அது ஆகாது. ஒவ்வொரு அடிக்கும் நார்ப்பட்டைதான் அந்த வேலையைச் செய்யணும்.

பிறகு ஈரத்துணியைப் பிழிவது போல முறுக்குங்கள். கொஞ்சம் திரும்பலாம். முழுதாகத் திரும்பிக்கொண்டால் நடுப்பகுதியில் ஒன்றுமே இல்லை என்று அர்த்தம்.

கடைசியாக இரண்டு ஷூவையும் மேசையில் வைத்துப் பின்பக்கமிருந்து கண்மட்டத்தில் பாருங்கள். புது ஷூவே ஒருபக்கம் சாய்ந்து நிற்பதுண்டு, பிராண்டட் பெட்டியிலும். ஒட்டும்போது வரும் கோளாறு. அதே மாடலில் வேறு ஜோடி கேளுங்கள்.

---

அளவுநாடா

மேலே சொன்னதெல்லாம் சரி, ஆனால் கடையில் பத்தில் எட்டு பேர் கோட்டை விடுவது அளவில். வலியோடு வருபவர்கள்கூட 'நான் எப்பவும் 6' என்பார்கள். அந்த 6 கல்யாணத்துக்கு முன் அளந்தது. வயதும் எடையும் பிரசவமும் பாதத்தை நீட்டும், அகட்டும்.

வீட்டிலேயே அளக்கலாம். சாயங்காலம் அளங்கள், பாதம் அப்போதுதான் விரிந்திருக்கும். ஏ4 தாளைச் சுவரோடு ஒட்டிவைத்து, குதிகால் சுவரில் படும்படி இரண்டு காலிலும் சம எடை போட்டு நிற்கணும். உட்கார்ந்துகொண்டு அளந்தால் குறைவாகத்தான் காட்டும். பென்சிலைச் செங்குத்தாகப் பிடித்து, மிக நீளமான விரலின் நுனியில் குறி. பலருக்கு அது இரண்டாவது விரல். அகலம், பெருவிரல் மூட்டிலிருந்து சுண்டுவிரல் மூட்டு வரை. இரண்டு பாதமும் அளங்கள், பெரியதற்குத்தான் ஷூ.

பிறகு ஷூவுக்குள் இருக்கும் இன்சோலை வெளியே எடுங்கள். அதன் நீளம் உங்கள் பாதத்தைவிட 10 முதல் 12 மி.மீ. கூடுதலாக இருக்கணும். பாதம் 242 மி.மீ. என்றால் இன்சோல் 252–254. அந்த இன்சோலைத் தரையில் போட்டு மேலே ஏறி நில்லுங்கள். சதை இருபக்கமும் வழிந்தால் அகலம் போதாது. நீளத்தைக் கூட்டி அகலத்தைச் சரிக்கட்ட வேண்டாம். ஒரு யூகே அளவு என்பது சுமார் 8.5 மி.மீ., அரை அளவு 4 மி.மீ. சொச்சம். அகலத்துக்காக ஒரு எண் ஏற்றினால் ஷூ மடங்கும் இடம் விரல் மூட்டைத் தாண்டிப் போகும், குதிகால் உள்ளே ஏறி இறங்கும்.

---

கோவை_கோச்

> சதை இருபக்கமும் வழிந்தால்

இவருக்கு வழிகிறது. பெண்கள் மாடல் எல்லாமே குறுகலாக இருக்கு. என்ன செய்வது?

---

அளவுநாடா

பெண்கள் ஷூவில் சாதாரண அகலம் 'பி', அகலமானது 'டி', அதற்கும் மேல் '2ஈ'. ஆண்கள் ஷூவில் சாதாரணமே 'டி', அகலம் '2ஈ', மிக அகலம் '4ஈ'. ஆக, பெண்கள் அகல மாடல் கிடைக்காவிட்டால் ஆண்கள் சாதாரண அகலத்தை எடுக்கலாம். யூகே எண் பெரும்பாலும் இருவருக்கும் ஒன்றே, அமெரிக்க எண்தான் மாறும். எதற்கும் நாக்கின் உள்பக்க லேபிளில் செ.மீ. அளவை ஒத்துப்பாருங்கள். நியூ பேலன்ஸ், புரூக்ஸ், ஆசிக்ஸ் மூன்றும் அகலம் பிரித்துச் செய்பவை. நம்மூர்க் கடையில் எல்லா அகலமும் அடுக்கில் இருக்காது, வரவழைக்கச் சொல்லணும்.

ஆண்கள் ஷூவில் குதிகால் கொஞ்சம் தளரும். அதற்குத்தான் மேலே கணுக்கால் பக்கம் ஒதுங்கி இருக்கும் அந்தக் கடைசி ஓட்டை, முக்கால்வாசிப் பேர் அதைத் தொடுவதே இல்லை. லேஸைக் குறுக்கே கொண்டுபோகாமல் அதே பக்கத்து ஓட்டையில் விட்டு ஒரு வளையம் உண்டாக்குங்கள், எதிர்ப்பக்க லேஸை அந்த வளையத்துக்குள் நுழைத்துக் கீழ்நோக்கி இழுத்துக் கட்டுங்கள். குதிகால் பின்னால் போய் உட்கார்ந்துவிடும்.

---

ஆம்பூர்_தையல்

அகலம் பற்றி ஒரு வார்த்தை. சென்னை அடையாறில் இருக்கும் மத்தியத் தோல் ஆராய்ச்சி நிறுவனம் 2021 டிசம்பரிலிருந்து 2022 மார்ச் வரை நாடு முழுக்க ஒரு லட்சத்துக்கு மேற்பட்டவர்களின் பாதத்தை முப்பரிமாண ஸ்கேனரில் அளந்தது. இந்தியப் பாதம் மேற்கத்திய அளவுகள் எதிர்பார்ப்பதைவிட அகலம் என்பது அதில் தெரிந்தது. 'பா' என்ற பெயரில் இந்தியாவுக்கென்று தனி அளவுமுறை முன்வைத்திருக்கிறார்கள். ஷூ கடித்தால் காலில் குறையில்லை, யூகே அச்சு நம் காலுக்கு வெட்டியது இல்லை.

---

நடை_ரசிகை

கடையில் ஒரு மெஷினில் ஏறச் சொல்லி, பாதம் தட்டை, உள்பக்கம் சாய்கிறது, மோஷன் கன்ட்ரோல் ஷூதான் வேணும் என்கிறார்களே, அது நம்பலாமா?

---

பிசியோ_வைகை

மெஷின் பாதத்தின் வடிவத்தைச் சரியாகத்தான் காட்டும் மேடம். வடிவத்தை வைத்து ஷூ தேர்ந்தால் வலி குறையும் என்ற இரண்டாவது படிதான் நிற்கவில்லை. அமெரிக்கத் தரைப்படை, விமானப்படை, மரைன் பயிற்சி முகாம்களில் பாத வளைவைப் பார்த்து ஷூ கொடுத்த வீரர்களையும், பார்க்காமல் ஒரே வகை கொடுத்தவர்களையும் ஒப்பிட்டார்கள். 2009, 2010 வாக்கில் முடிவுகள் வந்தன. காயங்களில் சொல்லிக்கொள்ளும்படி வித்தியாசம் இல்லை.

வலியில்லாத தட்டைப் பாதத்துக்கு வைத்தியம் தேவையில்லை. ஆனால் ஒன்று கவனியுங்கள்: ஒருபக்கப் பாதம் மட்டும் சமீபத்தில் தட்டையாகிக்கொண்டு வருகிறது, உள்பக்கக் கணுக்காலுக்குப் பின்னால் வலியும் வீக்கமும் இருக்கு, அந்த ஒற்றைக் காலில் நின்று குதிகாலை உயர்த்த முடியவில்லை என்றால் அது தசைநாண் பிரச்சினை. ஷூக் கடைக்குப் போகும் முன் டாக்டரிடம் போகணும்.

---

ஆம்பூர்_தையல்

சாய்வைத் தடுக்கும் அமைப்பு எப்படித் தெரியும் என்றால், பழைய மாடல்களில் உள்பக்க மிட்சோலில் சாம்பல் நிறத் துண்டு ஒன்று இருக்கும். விரலால் அழுத்தினால் மற்ற இடத்தைவிடக் கெட்டி. இப்போது அது குறைந்துவருகிறது. புரூக்ஸ் அட்ரினலினில் குதிகாலின் இருபக்கமும் கரை மாதிரி உயர்த்திவிடுகிறார்கள். ஆசிக்ஸ் கயானோ 2023-இல் வந்த 30-ஆவது பதிப்பில் பழைய கெட்டித் துண்டை எடுத்துவிட்டு அடித்தளத்தை அகலமாக்கியது. மிதமான இந்த வகை இவருக்கு ஒத்துவரும், கட்டாயம் இல்லை. சொன்ன பட்ஜெட்டில் கயானோவின் புதுப் பதிப்பு வராது. முந்தைய பதிப்பு தள்ளுபடியில் வந்தால் பாருங்கள், ஆனால் பெட்டியில் தயாரித்த மாதமும் வருடமும் அச்சிட்டிருக்கும், அதைப் படிக்காமல் காசு கொடுக்காதீர்கள்.

---

நடை_ரசிகை

தேதி எதற்கு? ஷூ என்ன பாலா கெட்டுப்போக?

---

ஆம்பூர்_தையல்

கெட்டுப்போகும். பாலியூரித்தேன் சோல் காற்றில் இருக்கும் ஈரத்தோடு வினைபுரிந்து தானாகச் சிதையும். சென்னை, தூத்துக்குடி, நாகை மாதிரிக் கடலோர ஊரில் பெட்டியைத் திறக்காமலே சில வருடம் வைத்திருந்தால், முதல்நாள் போட்டு நடக்கும்போது சோல் புட்டு மாதிரி உதிரும். போடாமல் பத்திரமாக வைத்ததுதான் சீக்கிரம் போகும், தினம் போடுவது தாங்கும். ஈவிஏ அப்படி உதிராது, ஆனால் நாளாக ஆகக் கெட்டிப்படும். சூட்டில் சுருங்கும் வேறு. மொட்டைமாடி வெயிலில் காயவைத்தாலோ காரில் பின்கண்ணாடி ஓரம் வைத்தாலோ மிட்சோல் சுருங்கி ஒட்டு விடும். மழையில் நனைந்தால் இன்சோலை வெளியே எடுத்துவிட்டு, உள்ளே செய்தித்தாளைத் திணித்து, ஃபேனுக்கு அடியில் நிழலில். ஈரத்தாளை மாற்றிக்கொண்டே இருங்கள்.

---

இரும்புப்_பட்டா

ஸ்குவாட் பற்றி யாரும் பேசல. அண்ணே, ட்ரெட்மில்லுக்கு வாங்குற அதே உயர நுரை ஷூவைப் போட்டுக்கிட்டு எடை தூக்க விடாதீங்க. கீழே இறங்கும்போது நுரை ஒருபக்கமா அமுங்கும், கணுக்கால் உள்ளே சாயும், அதோட சேர்ந்து முட்டியும் உள்ளே போகும். அவங்களுக்கு வலிக்கிறதே அந்த முட்டிச்சில்லுதானே.

அதுக்காக வெயிட்லிஃப்டிங் ஷூவும் வேண்டாம். அதுல குதிகால் 20 மி.மீ. வரைக்கும் தூக்கி இருக்கும். கணுக்கால் இறுக்கமா இருக்கிறவங்களுக்கு ஆழமா உட்கார உதவும், உண்மை. ஆனா முட்டி முன்னால போகும், சில்லுக்கு அழுத்தம் கூடும். குதிகாலுக்கு அடியில தட்டு வெச்சுப் பண்றதும் இதே கணக்குதான். அவங்களுக்குத் தட்டையான கெட்டி சோல் போதும். பழைய கேன்வாஸ் ஷூவே நல்லா வேலை செய்யும். பின்னாடி ஒரு பெஞ்ச் வெச்சு, அதுல உட்கார்ந்து எழுந்திருக்கட்டும், வலி வராத உயரத்துல. லெக் பிரஸ்ல பாதத்தைத் தட்டோட மேல்பக்கம் வையுங்க, முட்டி குறைவா மடங்கும்.

---

பிசியோ_வைகை

சம்மதம். ஒரு திருத்தம்: குதிகால் வலி இருக்கும் வரை கேன்வாஸ் ஷூவோடு தண்ணீர் குடிக்க, பேச என்று உலாவக் கூடாது. செட் முடிந்ததும் மாற்றிக்கொள்ளட்டும்.

---

ஸ்டெப்_கணக்கு

ஜும்பா வகுப்பு எடுப்பவர்களுக்குத் தெரிந்த விஷயம், ஷூ விற்பவர்கள் சொல்லாதது: ஓட்ட ஷூவில் ஜும்பா ஆடினால் முட்டி போகும். ஓட்ட ஷூ முன்னோக்கிப் போவதற்கு வெட்டியது. அடியில் ஆழமான ரப்பர் வரி, ஓரமெல்லாம் வெளியே தள்ளிய சோல். நீங்கள் முன்பாதத்தில் சுழலும்போது உடம்பு திரும்பும், ஷூ தரையைக் கவ்விக்கொண்டு நிற்கும். திரும்பாத அந்த மிச்சக் கோணம் முட்டியில் போய் விழும். பக்கவாட்டில் தாவும்போது உயரமான நுரை சரிந்து கணுக்கால் பிசகுவது தனிக்கணக்கு.

வாங்கும் முன் சோதனை எளிது. வழவழப்பான தரையில் முன்பாதத்தில் எடை வைத்துக் குதிகாலை லேசாகத் தூக்கி, கால்வாசி வட்டம் சுழலுங்கள். ஷூ உடம்போடு சேர்ந்து திரும்பணும். முட்டி முதலில் முறுக்கிக்கொண்டு ஷூ பிறகு கிறீச்சிட்டால் அது வேண்டாம். முன்பாதத்துக்கு அடியில் வழவழப்பான வட்டம் இருக்கும் நடன ஸ்னீக்கர் இருக்கு. கிடைக்காவிட்டால் வரி ஆழமில்லாத, தாழ்ந்த சோல் ட்ரெய்னிங் ஷூ. பேட்மிண்டன் ஷூவைச் சிலர் சிபாரிசு செய்வார்கள். பக்கவாட்டுப் பிடிமானம் அதில் அருமைதான், ஆனால் அந்த ரப்பர் இன்னும் மோசமாகக் கவ்வும்.

முட்டி வலி இருக்கும் வரை தாவலை எல்லாம் மிதியாக மாற்றிக்கொள்ளச் சொல்லுங்கள். சுழற்சிக்குப் பதில் நாலு சின்ன அடி. பாட்டு ஓடும், யாரும் கவனிக்க மாட்டார்கள்.

---

கோவை_கோச்

அப்போ இரண்டு ஷூ. 8000-க்குள் எப்படிப் பிரிப்பது?

---

அளவுநாடா

நடைக்கு 5500 முதல் 6000 வரை, மிச்சம் ட்ரெய்னிங் ஷூவுக்கு. அதில் ஸ்குவாட், லெக் பிரஸ், ஜும்பா மூன்றும் ஓடும். பணத்தை நல்ல மிட்சோல் இருக்கும் ஷூவில் போடுங்கள். ஒரே ஒரு எச்சரிக்கை, பட்ஜெட்டைப் பார்த்து ஃபர்ஸ்ட் காப்பி பக்கம் போய்விடாதீர்கள். மேல்துணியும் லோகோவும் அச்சு அசலாகச் செய்வார்கள், வித்தியாசம் முழுக்க உள்ளே இருக்கும் நுரையில். அது கண்ணுக்குத் தெரியாது, முட்டிக்குத் தெரியும். நாக்கு லேபிளில் உள்ள மாடல் எண் பெட்டியில் உள்ளதோடு ஒத்துப்போகணும். இரண்டு காலுக்கும் தனித்தனி வரிசை எண் போடும் பிராண்டில், இடது, வலது லேபிள்களில் அதுவும் ஒரே மாதிரி அச்சடித்திருந்தால் சந்தேகப்படுங்கள்.

---

நடை_ரசிகை

ஹோக்கா மாதிரி தடிச்ச சோல்? எல்லா முட்டி வலிக்காரர்களும் அதைத்தான் சொல்கிறார்கள்.

---

பிசியோ_வைகை

அது தடிமனால் மட்டும் வேலை செய்வதில்லை. அடிப்பகுதி படகு மாதிரி முன்னால் வளைந்திருக்கும், ராக்கர் என்பார்கள். விரல்கள் மடங்காமலே பாதம் உருண்டு போகும். பெருவிரல் மூட்டு தேய்ந்து மடங்காதவர்களுக்கும் முன்பாதத்தில் எரிச்சல் உள்ளவர்களுக்கும் அது வரம். ட்ராப் பல மாடல்களில் 5 மி.மீ. சுற்றித்தான், அதனால் குதிநாண் ஒட்டும் இடத்தில் வலி உள்ளவர்கள் யோசிக்கணும். தடுமாற்றம் உள்ள வயதானவர்களுக்கு, உயர நுரை பழகும் வரை கைப்பிடி பக்கத்தில் இருக்கணும்.

முன்பாத வலிக்கு மெட்டாடார்சல் பேட் (இன்சோலில் ஒட்டும் சின்ன மெத்தை) ஒட்டுபவர்கள் பெரும்பாலும் தப்பான இடத்தில் ஒட்டுகிறார்கள். நோகும் புடைப்புக்கு அடியில் ஒட்டினால் வலி கூடும். அதற்குச் சற்றுப் பின்னால், வளைவுப் பக்கம் வைக்கணும். புடைப்பில் லிப்ஸ்டிக் தடவி இன்சோலில் மிதித்தால் அடையாளம் விழும். அந்த அடையாளத்தின் பின்விளிம்பில் பேடின் முன்விளிம்பு வரணும்.

---

கோவை_கோச்

இன்சோல் பற்றி. ஒரு இடத்தில் கால் அச்சு எடுத்துச் செய்துதர 6000 கேட்கிறார்கள்.

---

பிசியோ_வைகை

முதலில் அதற்குப் போகாதீர்கள். குதிகால் வலியில் ஆளுக்கென்று செய்த இன்சோலையும் கடையில் கிடைக்கும் நல்ல ரெடிமேடையும் 2006-இல் ஒப்பிட்டார்கள். ஒரு வருட முடிவில் இரண்டுக்கும் பெரிய வித்தியாசம் இல்லை. வளைவுக்குக் கெட்டியான ஈவிஏ, குதிகாலுக்கு ஆழமான கிண்ணம் உள்ள ரெடிமேட் போதும். கட்டை விரலால் வளைவை அழுத்திப் பாருங்கள், முழுதாகத் தரை தொட்டால் அது வெறும் பஞ்சு.

ஷூவில் ஏற்கெனவே உள்ள இன்சோலை எடுத்துவிட்டுத்தான் புதிதைப் போடணும். ஒன்றின்மேல் ஒன்று போட்டால் குதிகால் பின்சுவரைத் தாண்டி மேலே ஏறிவிடும், பிடிமானம் போச்சு. சிலிக்கான் குதிகால் கப் என்றால் வலிக்கும் காலுக்கு மட்டும் போடாமல் இரண்டு காலுக்கும். இல்லாவிட்டால் ஒருபக்கம் உயரம் கூடி இடுப்பு பேச ஆரம்பிக்கும். புது இன்சோலை முதல்நாள் ஒரு மணி நேரம், பிறகு கொஞ்சம் கொஞ்சமாக. முட்டித் தேய்மானத்துக்கு வெளிப்பக்கம் உயர்த்திய சாய்வு இன்சோலை யாராவது விற்றால் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். அமெரிக்க எலும்பு மருத்துவர் சங்கத்தின் வழிகாட்டுதலே அதைப் பரிந்துரைப்பதில்லை.

---

மோசைக்_தரை

எல்லாரும் ஜிம் ஷூவைப் பற்றியே பேசுறீங்க. அந்த ஷூ ஒருநாளில் காலில் இருப்பது ஒரு மணி நேரம். மிச்ச நேரம்? நம் வீடுகளில் செருப்பு வாசலோடு சரி. காலை நாலரைக்கு எழுந்து கிரானைட் அடுக்களையில் வெறுங்காலோடு இரண்டு மணி நேரம் நிற்கும் பெண்ணின் குதிகாலுக்கு, சாயங்காலம் ஒரு மணி நேரம் 6000 ரூபாய் ஷூ போட்டு என்ன பயன்? குதிகால் வலி மாதக்கணக்கில் இழுப்பதற்கு நம் ஊரில் இதுதான் முதல் காரணம் என்பேன்.

வீட்டுக்குள் மட்டும் போட ஒரு செருப்பு தனியாக வேணும். வெளியே போகாத செருப்பு என்றால் மாமியார்கூட மறுப்பதில்லை, பூஜை அறை வாசலில் கழற்றினால் போதும். குதிகாலுக்கு அடியில் 20–25 மி.மீ. தடிமன், வளைவில் கொஞ்சம் எழுச்சி, பின்பக்கம் பட்டை இருந்தால் இன்னும் நல்லது. ஹவாய் செருப்பு இதில் சேராது. மெலிசு, தட்டை, கழன்றுவிடாமல் இருக்க விரல்களால் கவ்விக்கொண்டே நடக்கணும், அதுவே உள்ளங்காலை இழுக்கும். கட்டிலுக்குப் பக்கத்திலேயே கிடக்கட்டும். காலையின் முதல் அடி அதில்தான் விழணும்.

---

பிசியோ_வைகை

இந்த இழையிலேயே உருப்படியான பதிவு இது. கோச், 8000-இல் 800 ரூபாயை இதற்கு ஒதுக்குங்கள்.

ஷூவோடு சேர்த்துச் செய்ய வேண்டியதையும் எழுதிவிடுகிறேன். படிக்கட்டு விளிம்பில் முன்பாதம், விரல்களுக்கு அடியில் சுருட்டிய துண்டு, விரல்கள் மேல்நோக்கி மடங்கியிருக்கணும். ஒற்றைக் காலில் குதிகாலை மூன்று வினாடியில் உயர்த்தி, மேலே இரண்டு வினாடி நிறுத்தி, மூன்று வினாடியில் இறக்குவது. 12 தடவைக்கு மேல் முடியாத அளவு பளுவோடு மூன்று சுற்று, ஒருநாள் விட்டு ஒருநாள். இரண்டு வாரம் கழித்துப் பையில் எடை கூட்டி 10 தடவை நாலு சுற்று, நாலாவது வாரம் முடிந்து 8 தடவை ஐந்து சுற்று. ஒற்றைக் காலில் முடியாவிட்டால் இரண்டு காலில் ஆரம்பிக்கலாம். டென்மார்க்கில் சோதித்த முறை. மூன்று மாதத்தில் வெறும் நீட்டல் பயிற்சியைவிட நல்ல பலன் காட்டியது. காலையில் இறங்கும் முன் கால்மேல் கால் போட்டு, விரல்களைப் பின்னால் இழுத்துப் பத்து வினாடி, பத்துத் தடவை.

ட்ரெட்மில் சாய்வை 0 அல்லது 1-இல் வையுங்கள். ஏற்றம் வைத்தால் முட்டிக்கு இதம், குதிகாலுக்கு இழுவை.

---

அருணை_வாசி

குதிகால் வலியோடு கிரிவலம் போகலாமா? 14 கிலோமீட்டர், வெறுங்கால்.

---

பிசியோ_வைகை

வலி இருக்கும் மாதங்களில் வேண்டாம் என்றுதான் சொல்வேன். போயே தீரணும் என்றால் சாயங்காலத்துக்குப் பின், தார் ஆறியதும். தினமும் 3 கிலோமீட்டர் ஷூவோடு நடப்பவர் ஒரே இரவில் 14 வெறுங்காலில் நடப்பதுதான் கெடுப்பது. வழியில் இருக்கும் எட்டு லிங்கங்களிலும் உட்கார்ந்து எழுந்து போகலாம், யாரும் நேரம் குறிப்பதில்லை.

இதைப் படிக்கும் சர்க்கரைக்காரர்களுக்கு: பாதத்தில் உணர்ச்சி குறைந்திருந்தால் பொதுவாகச் சொல்லும் 'போட்டுப்பார், சுகமா இருந்தால் வாங்கு' உங்களுக்குப் பொருந்தாது. கடிப்பது தெரியாது. நைலான் இழையால் பாதத்தைத் தொட்டு உணர்ச்சி பார்க்கும் 10 கிராம் இழைச் சோதனை செய்துகொள்ளுங்கள். உணர்ச்சி இல்லை என்றால் எம்சிஆர் என்ற மென்ரப்பர் செருப்பு, ஆழமான ஷூ என்று பாத மருத்துவர் எழுதிக்கொடுப்பதைத்தான் போடணும். ஒவ்வொரு தடவையும் போடும் முன் உள்ளே கைவிட்டுத் தடவிப் பார்ப்பது கட்டாயம். வெறுங்கால் கிரிவலம் கூடவே கூடாது.

மற்றவர்களும் ஷூவில் வைத்தியம் தேடக் கூடாத நிலைகள்: முட்டி வீங்கிச் சூடாக இருப்பது, மடக்கியது நீட்ட வராமல் பூட்டிக்கொள்வது, படுத்திருக்கும்போதும் குதிகால் வலிப்பது, மரத்துப்போவது. குதிகாலை இருபக்கமும் உள்ளங்கைகளால் நெருக்கும்போது உயிர் போகிற மாதிரி வலித்தால் எலும்பில் விரிசலா என்று பார்க்கணும். பெருவிரல் மூட்டு இரவோடிரவாகச் சிவந்து தொட முடியாமல் போனால் யூரிக் அமிலம். எக்ஸ்ரேயில் 'முள் வளர்ந்திருக்கு' என்றால் மட்டும் பயம் வேண்டாம், வலியே இல்லாத பலருக்கும் அந்த முள் உண்டு.

---

கோவை_கோச்

அளவு எடுத்தாச்சு. வலது 241, இடது 238, அகலம் பெண்கள் 'டி' பக்கம். 10 மி.மீ. ட்ராப் நடை ஷூ அகல மாடல் ஒன்றும், தட்டையான ட்ரெய்னிங் ஷூ ஒன்றும் வரவழைக்கச் சொல்லியிருக்கேன். வீட்டுச் செருப்பு நேற்றே வாங்கிட்டாங்க. கடைசிக் கேள்வி, ஷூவை எப்போது மாற்றணும்? அடி ரப்பர் தேய்ந்த பிறகா?

---

ஆம்பூர்_தையல்

ரப்பர் கடைசியில்தான் தேயும், நுரை அதற்கு முன்பே செத்துவிடும். 500 முதல் 800 கிலோமீட்டர் என்பது பொதுக்கணக்கு, எடை கூடினால் கீழ் எண்ணை எடுங்கள். இவர் வாரம் நாலு நாள் இரண்டரை கிலோமீட்டர் நடந்தால் வருடத்துக்கு 500 வரும். மிட்சோலின் பக்கவாட்டில் மெல்லிய சுருக்கக் கோடுகள் படுக்கைவாட்டில் தெரியும், எடையில்லாமல் இருக்கும்போதும் அவை விரியாவிட்டால் நேரம் வந்துவிட்டது. குதிகாலின் வெளிமூலை தேய்வது எல்லோருக்கும் நடப்பது. உள்மூலை அமுங்கினாலோ மேசையில் வைத்தால் சாய்ந்தாலோ அன்றைக்கே எடுத்துவிடுங்கள். எடுத்ததைத் தோட்டத்துக்குத் தண்ணீர் விடும்போது போடலாம், ட்ரெட்மில்லுக்கு வேண்டாம்.

---

அளவுநாடா

வந்ததும் முதலில் வீட்டுக்குள் டைல்ஸில் அரைமணி போட்டு நடக்கச் சொல்லுங்கள், ஜிம்முக்குப் போடும் அதே சாக்ஸோடு. சோல் அழுக்கானால் திருப்பி எடுக்க மாட்டார்கள். சுண்டுவிரல் பக்கம் லேசாக உரசினால்கூட மாற்றிவிடுங்கள். போடப் போட இளகும் என்று கடைக்காரர் சொல்வது தோல் ஷூவுக்கு. இந்தத் துணியும் நுரையும் முதல்நாள் எப்படியோ அப்படியேதான்.